என் வீட்டுக்காரரோடு பேசியவள்

ஊரிலுள்ள ஆண்களைச் சிகரெட் நிறுத்த வைப்பது என் தொழில். என் வீட்டு ஆணை நிறுத்த வைத்தவள் வேறொருத்தி. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கண்டியில் ஒரு புற்றுநோய் ஆய்வுக் குழுவில் நான் கள உத்தியோகத்தர். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டங்கள், மடவளைக் கடைத்தெரு, நகரத்துச் சந்தை என்று போய், புகைப்பவர்களையும் வெற்றிலை போடுபவர்களையும் கதிரையில் உட்கார வைத்து, டோர்ச் அடித்து வாய்க்குள் பார்ப்போம். வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். சிகரெட்டையும் பீடியையும் நிறுத்த விரும்புகிறவர்களை ஆய்வில் சேர்த்துக்கொண்டு, அவர்கள் வேலை முடிந்து வந்த பிறகு மாலையில் போனில் பேசுவோம். இந்தப் பேச்சுக்குத் தனியாகப் பயிற்சி உண்டு. ஏசக்கூடாது, பயமுறுத்தக்கூடாது. நேற்று ஒன்று பற்ற வைத்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், "பரவாயில்லை, மறைக்காமச் சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டு, அவராக அடுத்த வார்த்தை பேசும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இதில் நான் கெட்டிக்காரி. என் குரலைக் கேட்டால் கல்லும் கரையும் என்று எங்கள் டொக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் குரல் வீட்டு வாசலில் செருப்போடு சேர்ந்து வெளியே நின்றுவிடும். உள்ளே வந்தால், "திரும்பவும் சிகரெட் குடிச்சிட்டு வந்திருக்கீங்க, நாறுது, அங்கிட்டுப் போங்க" என்பதுதான் வாயில் வரும். கல்யாணமான நாளிலிருந்து ஏசிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், மாதாவுக்கு நேர்ந்து பார்த்தேன், பெட்டியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டும் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே போய் இன்னொரு பெட்டி வாங்கி வருவார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் ஒங்க ஆய்வுல சேர்ந்துட்டேன்" என்றார்.

அவர் கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறார். அன்று எங்கள் குழுவில் பாதிப் பேர் அந்தக் கடைத்தெருவில் முகாம் போட்டிருந்தார்கள். நான் மடுல்கெல்லவில் இருந்தேன். இவர் தேநீர் குடிக்க வெளியே வந்தவர், வரிசையில் போய் நின்றிருக்கிறார். சேர்த்துக்கொண்டது, அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவள். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவள். படிக்கக் கண்டிக்கு வந்து இங்கேயே வேலைக்குத் தங்கிவிட்டவள். எங்கள் விதிப்படி சொந்தக்காரரை நாமே கவனிக்க முடியாது, வேறொருவர்தான் கவனிக்க வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர் சொல்வதை வெளியில் யாரிடமும் சொல்லக்கூடாது. பெண்டாட்டியிடமும்தான். அந்த விதியை எத்தனையோ பெண்களுக்கு நானே பொறுமையாக விளக்கியிருக்கிறேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டு மாலை இப்படிப் போயிற்று. நான் குசினியில் நின்றுகொண்டு மடுல்கெல்லத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரிடம் தேன் சொட்டப் பேசிக்கொண்டிருப்பேன். அதே நேரம் இவருடைய போன் அடிக்கும். எடுத்துக்கொண்டு பின்பக்கம் தண்ணீர்த் தாங்கியடிக்குப் போய்விடுவார். "ஆமா மிஸ், சொல்லுங்க மிஸ்" என்பது கேட்கும். பிறகு குரல் தணிந்துவிடும். கொஞ்ச நேரத்தில் ஒரு சிரிப்பு. என் போனில் மடுல்கெல்லக்காரர் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார், எனக்கு ஒன்றும் ஏறாது. காது முழுக்கத் தண்ணீர்த் தாங்கியடியில் இருக்கும்.

சிகரெட்டை நிறுத்தியும்விட்டார். அதுதான் தாங்க முடியாதது. ஊதிப் பார்க்கும் கருவியில் ஊதினார், மூச்சில் புகையின் சுவடே இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஒரு முறை மடுல்கெல்லவில் ஒருவருடைய மனைவி போனைப் பிடுங்கி என்னைக் கேட்டாள். "யாரு நீ? தெனமும் எங்க வீட்டுக்காரருக்கு போன் பண்ணி என்னா கொஞ்சல் வேண்டிக் கெடக்கு?" அந்தக் கதையை அலுவலகத்தில் நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தவள் நான். பிறகு அவள் வீட்டுக்கே போய், ரொட்டி சாப்பிட்டு, சமாதானம் பேசிவிட்டு வந்தேன். இப்போது அவளுடைய வயிற்றெரிச்சல் எனக்கு வந்திருக்கிறது, என்னைச் சமாதானம் பண்ண ஒருவரும் ரொட்டி சாப்பிட வரவில்லை.

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது, போகிற போக்கில் கேட்பதுபோல அவளிடம் கேட்டேன். "தங்கச்சி, அப்பிடி என்னதான் பேசுவாரு ஒங்ககிட்ட?"

"அக்கா, அது சொல்லேலாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள். நல்ல பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். "அண்ணா நல்லவர் அக்கா."

அவர் நல்லவர் என்பதை யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தி வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணா என்று கூப்பிடுகிறாள், அதனால் பொறாமைப்படவும் வழியில்லை. அதில் எனக்கு இன்னும் பொறாமை வந்தது. அவள்மீது சந்தேகம் ஒன்றும் இல்லை, அந்த வகைப் பயமும் இல்லை. என்னிடம் சொல்லாத ஏதோவொன்றை அவர் அவளிடம் சொல்கிறார். அந்த ஒன்று எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

இதற்குப் பிறகுதான் அவர் சம்பலை ஒதுக்கத் தொடங்கினார். செத்தல் மிளகாயை இடித்து நான் செய்யும் கட்டச் சம்பலுக்கு அவர் அடிமை. காலையில் பாணோடு, இரவில் சோற்றோடு, கேட்டு வாங்கித் தின்பவர். இப்போது அது சோற்றுக் கோப்பை ஓரத்தில் அப்படியே கிடந்தது. பருப்பை மட்டும் ஊற்றிப் பிசைந்து, மெதுவாக, ஒரு பக்கத்தால் மென்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சிகரெட் நிறுத்துகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் புத்திமதியில் ஒன்று அது. உறைப்பாகச் சாப்பிட்டால், பின்னாலேயே ஒரு பிளேன்டீயும் சிகரெட்டும் கேட்கும், ஆகவே உறைப்பைக் குறையுங்கள் என்போம். அவள் சொல்லியிருக்கிறாள். போனில் பேசியது போதாதென்று, இப்போது என் குசினிக்குள்ளும் கையை விடுகிறாள்.

"ஏன், மிஸ் வேணாம்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பசியில்ல" என்றார்.

மறுநாள் உறைப்பு ஏறட்டும் என்று சம்பலில் கொச்சிக்காயைக் கூட்டினேன். பருப்பிலும் கிள்ளிப் போட்டேன். பார்க்கலாம், யார் சொல்வதைக் கேட்கிறார் என்று. அவர் இரண்டு வாய்க்கு ஒரு முறை தண்ணீர் குடித்துக்கொண்டு, கோப்பையைக் காலி செய்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகப் பாத்திரம் கழுவினேன்.

அந்த வாரம் மடுல்கெல்லவில் முகாம். என் முன்னால் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வந்து உட்கார்ந்தார். டோர்ச்சைக் கையில் எடுக்குமுன் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டேன். "ஒறைப்புப் பட்டா வாய் எரியுதாம்மா?"

"சம்பல ஒதுக்கி வச்சிட்டுத்தான் மிஸ் சாப்புடுறேன்" என்றார் அவர்.

எங்கள் வீட்டுக் கோப்பை ஓரத்தில் கிடந்த சம்பல் என் கண்முன் வந்தது. அந்த அம்மா வாயைத் திறந்தபடி காத்திருந்தார். அவருடைய வாயை எப்படிப் பார்த்து முடித்தேன் என்று தெரியாது. கூட வந்தவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பாதையில் பஸ் ஏன் அவ்வளவு வளைகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. எத்தனை பேருடைய வாய்க்குள் பார்த்திருக்கிறேன்! ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனின் வாயைப் பார்க்கவில்லை. கொச்சிக்காய் வேறு கூட்டிப் போட்டிருக்கிறேன்.

கட்டுகஸ்தோட்டையில் இறங்கி நேரே கடைக்குப் போனேன். அவர் பெயின்ட் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாயத் தொறங்க."

"என்னா புள்ள, இங்கயா?"

"தொறங்கன்னு சொல்றேன்."

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "பாத்தாச்சு" என்றார். "அந்த மிஸ் பாத்து, டொக்டரும் பாத்துட்டாரு. கன்னத்து உள்பக்கம் வெள்ளையா இருக்கு. சதை எடுத்துப் பாக்கணும்னு தேதி குடுத்திருக்காங்க."

"எப்ப பாத்தது?"

"சேர்ந்த அன்னைக்கே."

கடையில் ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். அவளுக்குத் தெரியும், டொக்டருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாதா, நான் யார் உங்களுக்கு என்று கேட்டேன். நான் கத்தி முடிக்கும்வரை அவர் பொறுத்திருந்தார்.

"நீ ஒவ்வொரு நாளும் வந்து கதை சொல்லுவியே" என்றார். "இந்தத் தோட்டத்துல ஒருத்தருக்கு வெள்ளையா இருந்திச்சு, அப்புறம் இப்பிடியாச்சு, தாடைய எடுத்துட்டாங்கன்னு. எல்லாம் கேட்டவன்தானே நான். ஒனக்குச் சொன்னா நீ என்னையும் அப்பிடிப் பாப்பே. அது எனக்கு ஏலாது."

மறுநாள் அலுவலகத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. "நான் ஒவ்வொரு நாளும் அதைத்தான் அக்கா கேட்டனான். அக்காவிட்டச் சொல்லிட்டீங்களோ எண்டு. நாளைக்கு, நாளைக்கு எண்டுவார்."

"அப்ப அந்தச் சிரிப்பு? தண்ணித் தாங்கியடியில நின்னு சிரிப்பாரே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது சொல்லேலாது அக்கா" என்றாள்.

அவளைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் மனம் அவ்வளவு பெரியதில்லை. அவள் உரிய காலத்தில் சிகரெட்டை நிறுத்த வைத்திருக்காவிட்டால், முகாமில் அவள் டோர்ச் அடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த நாட்களில் அவரோடு சேர்ந்து பயந்தவள் அவள், நான் இல்லை என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் பயந்துகொண்டிருந்தபோது நான் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன்.

என்ன ஆயிற்றோ என்று யாரும் பதற வேண்டாம். அவர் இன்றும் அதே கடையில் பெயின்ட் வாளி அடுக்குகிறார். சில மாதங்களுக்கு ஒரு முறை கிளினிக் போகிறார். அந்தப் படலம் புற்றுநோயாகவில்லை, ஆனால் அதன்மீது ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். சம்பல் வீட்டில் இப்போது யாருக்கும் இல்லை.

ஆனால் சதை எடுத்துப் பார்த்த முடிவைச் சொல்லும் அன்று இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பெரியாஸ்பத்திரி வாங்கில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம், அவர் நடுவில். ஆய்வில் சேர்ந்தவரோடு ஆள் போக வேண்டும் என்று அவளும் வந்திருந்தாள். அவர், தைத்த கன்னத்தை நாக்கால் தடவிக்கொண்டிருந்தார். அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள், வாங்கிக் குடித்தார். என் பையிலும் ஒரு போத்தல் இருந்தது.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து அவருடைய பெயரைச் சொன்னாள். "கூட ஒருத்தர் மட்டும் வரலாம்" என்றாள்.

அவர் எழுந்தார். கூட வரச்சொல்லி எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் திரும்புவதற்கு முன்பே எழுந்து, அவருடைய கையைப் பிடித்து, உள்ளே நடந்தேன்.