அடுத்த நம்பர்

சென்ற மாதம் ஒரு காலையில் மஸ்கெலியாவிலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே ஒரு தோட்ட ஆபிஸில் புதிதாகச் சேர்ந்த கிளாக்கர்.

"சேர், ஒங்களுக்குத் தெரிஞ்சவங்கதான். அடுத்த நம்பர் அக்கா போயிட்டாங்க. காய்ச்சல்னு கொண்டு போனாங்க, திரும்பல. மலர்வளையத்துல எழுதணும், அவங்க சரியான பேர் என்ன சேர்?"

பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். 'அடுத்த நம்பர்' என்ற அந்தப் பட்டப்பெயரை வைத்தவனே நான்தான்.

நான் அப்போது ஹட்டனில், பல தோட்டங்களைப் பார்க்கும் ஒரு கம்பனியின் கிளை ஆபிஸில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தேன். கொழும்புக் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பாஸ்வேர்ட் மட்டும் போதாது என்று புது உத்தரவு வந்தது. தோட்ட ஆபிஸ்களுக்கு ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தோம். பெருவிரல் அளவுதான் இருக்கும். நிமிஷத்துக்கொரு தரம் மாறும் ஆறு இலக்க எண் அதில் தெரியும், பாஸ்வேர்டோடு அதையும் அடிக்க வேண்டும். எந்த டோக்கன் யாருடையது என்று, அதன் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பதிந்தவன் நான்.

திலகவதி அக்கா கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பெண். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்து அந்த மஸ்கெலியாத் தோட்ட ஆபிஸில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த முதல் ஆள். அவருடைய அம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது ஜன்னலில் எட்டி மகளைப் பார்த்துவிட்டுத்தான் மலைக்கு ஏறுவாராம். "டீவி பாக்குற மாதிரி பாக்கும் தம்பி" என்று சொல்லிச் சிரிப்பார்.

டோக்கன் கொடுத்த முதல் நாளே கம்ப்யூட்டர் அவரை உள்ளே விடவில்லை. எனக்குப் போன் பண்ணினார். "அடுத்த நம்பரைப் போடுங்க அக்கா" என்றேன். எண் மாறும் வரை காத்திருந்து புதியதைப் போடுங்கள் என்பது நான் நினைத்த பொருள்.

"போட்டேன் தம்பி, விடமாட்டேங்குது."

"என்ன போட்டீங்க?"

"கடைசில ரெண்டு சைபர் அஞ்சுன்னு இருந்துச்சு. அதுக்கு அடுத்தது ரெண்டு சைபர் ஆறுதானுங்களே?"

யோசித்துப் பார்த்தால் அதில் என்ன தப்பு? நான் பேசிய தமிழுக்கு அவர் கணக்குச் சரி. நானோ விழுந்து விழுந்து சிரித்தேன், ஆபிஸ் முழுக்கச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். மத்தியானத்துக்குள் அந்தப் பெயர் தோட்டம் தோட்டமாகப் போய்விட்டது. நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஹட்டனில் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ, எல்லாரையும்விட உரக்கச் சிரித்தேன்.

விளக்கிச் சொன்ன பிறகும் அவருக்குத் திறக்கவில்லை. மூன்று தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும். நான் திறந்துவிடுவேன், மறுபடி பூட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் இதே கூத்து.

"எண்ணு மாறுறதப் பாத்துத்தான் போடுறேன் தம்பி, எங்கம்மா மேல சத்தியமா. டோக்கன் முதுகுல ஒரு நம்பர் இருக்கே, அத ஒருக்காப் பாருங்களேன்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம். நீங்க ஒழுங்காப் போடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். பார்க்கவில்லை. இன்னமும் அவர் ஒன்றைக் கூட்டித்தான் போடுகிறார் என்று முடிவுகட்டியிருந்தேன். கம்பனி விளக்கம் கேட்டபோது, கம்ப்யூட்டரைப் பாவிப்பவரின் தவறு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். தோட்டத்து மேனேஜர் துரை அவரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கப் போட்டார். அவருடைய அம்மா அதன்பிறகு அந்த ஜன்னல் பக்கம் போகவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து, கினிகத்தேனைப் பக்கத் தோட்டம் ஒன்றின் கிளாக்கர் நீண்ட லீவு முடிந்து வந்து, முதன்முதலாக டோக்கன் எண்ணைப் போட்டார். அவருக்கும் திறக்கவில்லை. கோபக்காரர், போனிலேயே கத்தினார். உடனே முதுகு எண்ணைக் கேட்டுப் பதிவைப் பார்த்தேன். அவருடைய டோக்கன் திலகவதி அக்காவின் பெயரிலும், அக்காவுடையது அவர் பெயரிலும் இருந்தன. நான்தான் மாற்றிப் பதிந்திருக்கிறேன். சத்தமில்லாமல் திருத்தினேன். நான் எழுதிய விளக்கத்தை மட்டும் திருத்தவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம்.

அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். அக்கா கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். இடுப்பில் ஒரு குழந்தை. "தம்பி, அந்த முதுகு நம்பரப் பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாத்தேங்க அக்கா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் நம்பிவிட்டார். "அப்ப என் மண்டதான் மர மண்ட போல" என்று சிரித்துவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க வழி தேடினேன் என்பதுதான் நிஜம்.

அவருடைய டோக்கன் என்னிடம் இருக்கிறது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தபோது, சேலைத் துண்டில் தைத்த சின்னப் பையில் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். பற்றரி செத்து, முன்பக்கத்தில் ஒன்றும் தெரிவதில்லை. முதுகு எண் அழியவில்லை. இப்போது யாருக்குத் திறக்காவிட்டாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். கேட்கிறபோதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு, குறிப்பாக என்னோடு சேர்ந்து சிரித்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். அவர் பெயர் திலகவதி. ஒன்றைக் கூட்டிப் போட்டது ஒரே ஒரு நாள். மற்ற எல்லா நாளும் அவர் போட்ட நம்பர் சரி.