தூணில் பென்சில் கோடுகள்

மட்டாஞ்சேரி வீட்டில் சமையல் மேடையை நானே கட்டக் கிளம்பியபோதுதான் அந்த கிரானைட் கடைக்காரரைப் பார்த்தேன். காதோரம் பென்சில், புருவமெல்லாம் கல்தூசி. கடைத்தூண் முழுக்கக் கோடுகள்.

“வீட்டுல சமைக்கிறது ஆரு?”

“வீட்டுக்காரிதான்.”

“அப்ப அவங்களைக் கூட்டிட்டு வாங்க சேட்டா.”

எரிச்சலோடுதான் கூட்டிப்போனேன். அவளை முழங்கை மடக்கி நிற்கவைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே தூணில் கோடு போட்டார். மேடைக்கு நான் குறித்து வைத்திருந்த உயரத்தைவிட நாலு அங்குலம் தாழ்வு.

“இதுல உங்க வீட்டுக் கோடு எது?” என்றேன்.

“அது இல்லை. எங்க மேடையை என் உயரத்துக்கு நானே கட்டினேன். இருபது வருஷமா என் வீட்டுக்காரி பலகை மேல நின்னுதான் சமைக்கிறா.”

மேற்கொண்டு கேட்க வாயெடுத்தேன், மனைவி கிள்ளினாள். இப்போது காய் நறுக்கும்போதெல்லாம் அவள்தான் என்னிடம் கேட்கிறாள்: “அந்த மனுஷன் ஏன் இன்னும் அதை இடிச்சுக் கட்டலை?”