பீரோவோடு போன பேய்

என் அண்ணி ஜன்னல் திரை தைப்பவர். மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷின், வாசல் அறை முழுக்கத் துணிச்சுருள், வாயில் எந்நேரமும் இரண்டு குண்டூசி. அதைக் கடித்துக்கொண்டே தெருக்கதை முழுவதும் பேசுவார், ஒன்றுகூடக் கீழே விழாது. பாசமான மனுஷி. ஆனால் பொறாமை என்று வந்துவிட்டால் அவருக்கு ஈடு கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை, நேரிலேயே சொல்லியிருக்கிறேன்.

"ஆமா, எனக்குப் பொறாமைதான். கடவுள் வச்சது, நான் என்ன பண்ணட்டும்?" என்பார்.

"கடவுள் தலையில இதையெல்லாம் போடாதீங்க அண்ணி," என்பேன்.

அண்ணியும் அண்ணனும் இருப்பது பழைய மாடி வீடு. ஒரு நாள் பேய்ப் படம் எடுக்கிறவர்கள் அந்த மாடிப்படியைப் பார்க்க வந்தார்கள். மேலே போனவர்கள் படியை மறந்துவிட்டார்கள். மாடி அறையில் அண்ணியின் அம்மா கொடுத்த மர பீரோ நின்றது. கதவில் ஆள் உயரக் கண்ணாடி. அதைப் பார்த்ததும் டைரக்டர் கதையையே மாற்றிவிட்டார். பேய் அந்தக் கண்ணாடிக்குள் குடியிருக்கும். ஒரு பெண் தனியாக நின்று தலை வாரினால், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்று தலை வாருவாள். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

எனக்குப் பேய்ப் படம் ஆகாது. ஆனால் ஊருக்கு ஆனது. படம் ஓடு ஓடென்று ஓடியது. வாசலில் நின்று போட்டோ எடுக்க ஜனங்கள் வந்தார்கள். அண்ணி அவர்களை மாடிக்கே கூட்டிப்போய்க் காட்டுவார். தினம் காலையில் கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைப்பார். தெருவில் யாராவது "பேய் வீட்டு அக்கா!" என்று கூப்பிட்டால் முகமெல்லாம் மலர்ந்து திரும்புவார். பேயைப் பற்றி ஒரு சொந்தக்காரியைப் போலப் பேச ஆரம்பித்தார். "எங்க பேய் கெட்டது இல்ல. தனியா இருக்கிறவங்க கிட்டதான் வரும். பாவம், பேச்சுத்துணைக்கு."

என் தம்பி மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் அவள் சின்னவள். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காரும் வேலை. மூன்றாவது மாடியில் வாடகை ஃபிளாட். அவள் புதிதாக ஒரு கைப்பை வாங்கினால் அந்த வாரம் முழுக்க அண்ணிக்குச் சோறு இறங்காது. சின்னவளும் லேசுப்பட்டவள் இல்லை. கைப்பையை அண்ணியின் மிஷின் மேலேயே வைத்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் பாத்துக்கோங்க, கை கழுவிட்டு வரேன்," என்பாள்.

இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அண்ணி மாடி முழுக்கப் புதுத் திரை தைத்துத் தொங்கவிட்டார். கம்பெனி மேனேஜர் வந்தார். எந்நேரமும் தொப்பி போட்டிருப்பார், அதனால் எங்களுக்கு அவர் தொப்பிக்காரர். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"இந்தத் தடவை ஃபிளாட்ல எடுக்கறோம்மா. உங்க சின்னவங்க வீடுதான். உள்ள இருக்கற அந்த நீளமான நடை டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

அண்ணி வாயிலிருந்த ஊசிகளை எடுத்துத் துணியில் குத்தினார். "அப்போ பேய்?"

"பேய் பீரோவோட போகும். முதல் பாகம் முடியறப்போ அதைக் கண்ணாடிக்குள்ளயே வச்சுப் பூட்டறாங்க இல்ல? ரெண்டாவதுல இந்த வீடு விலைக்குப் போகுது. பீரோவைப் பழைய சாமான் கடையில ஒரு குடும்பம் வாங்கி ஃபிளாட்டுக்குக் கொண்டு போறாங்க. அங்க ஆரம்பிக்குது. மூணாவது பாகம் இது எல்லாத்துக்கும் முன்னாடி. பேய் உசிரோட இருந்த காலம்."

எனக்குத் தலை சுற்றியது. "முதல்ல நடந்ததை மூணாவதாவா சொல்லுவீங்க?"

"இது தெரியாதா?" என்றார் அண்ணி. கோபத்திலும் அவருக்குத் தொழில் விட்டுப்போகாது. "பெரிய ஜன்னலுக்கு நடுத் துண்டைத்தான் முதல்ல தைக்கிறோம். அப்புறம் வலது பக்கம், கடைசியா இடது பக்கம். தொங்கவிட்டா மூணுலயும் ஒரே பூங்கொடி ஓடணும்."

"அதேதாம்மா! அந்தக் கொடிதான் உங்க பீரோ. முதல் படத்தையும் ரெண்டாவதையும் சேக்கறதே அதுதான்."

"எல்லாம் சரி. என் பேய்க்கு அவ வீட்டுல என்ன வேலை? தர மாட்டேன்."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கழற்றி நாங்கள் பார்த்ததில்லை. பீரோ கிடைக்காவிட்டால் கதையை மாற்றுவார்களாம். வீட்டை விற்றவர்கள் பழைய பீரோவை எரித்துவிடுகிறார்கள், பேய் தப்பித்து ஃபிளாட்டில் இருக்கும் புதுக் கண்ணாடிக்குப் போய்விடுகிறது என்று.

"எங்கம்மா பீரோவை எரிக்கிறதா?"

"கதையிலதாம்மா."

"கதையில எரிஞ்சாலும் எரிஞ்சதுதானே? அப்புறம் யாரு வந்து பாப்பாங்க அதை?"

கொடுத்தாலும் பேய் போகும், கொடுக்காவிட்டாலும் போகும். போவது போகட்டும், தன் பீரோவிலேயே போகட்டும் என்று கடைசியில் தலையாட்டினார். வேன் புறப்பட்டபோது அண்ணி மிஷினில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருந்தார். மிஷினில் துணி இல்லை.

சாயங்காலம் சின்னவள் போன் செய்தாள். "அக்கா, உங்க பேய் பத்திரமா வந்து சேந்துடுச்சு. வந்ததும் சாப்பிட வச்சுட்டேன், கவலைப்படாதீங்க."

அண்ணி வாயிலிருந்து ஒரு குண்டூசி தரையில் விழுந்தது.

படம் வெளிவந்ததும் குடும்பத்தோடு போனோம். நான் கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனையில் இருந்தேன். "அண்ணி வீடு, அண்ணி வீடு," என்று தம்பி இடித்ததும் திறந்தேன். அண்ணி வீடேதான். பீரோ எடுக்க வந்த அன்று படம் பிடித்ததைக் கம்ப்யூட்டரில் பாழடைய வைத்திருந்தார்கள். எல்லா இடத்திலும் ஒட்டடை. அண்ணி புதிதாகத் தைத்த திரை கந்தலாகத் தொங்கியது. வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை. ஒரு குரல் சொன்னது: "அந்தக் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை."

"நாங்கதான் இங்க உட்காந்திருக்கோமே!" என்றார் அண்ணி, சத்தமாக. முன்வரிசையில் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அண்ணி வீடு வரவே இல்லை. சின்னவள் வீட்டு நடை, சின்னவளின் சமையலறை, சின்னவளின் பூச்சாடி. பேய் முன்பைவிடச் சந்தோஷமாக உலவியது. கடைசியில் எல்லோரும் அது ஒழிந்தது என்று நிம்மதியாகப் படுக்கிறார்கள். ஃபிளாட்டில் நிற்கும் பீரோவிலிருந்து ஒரு சீப்பு மட்டும் 'டக்'கென்று விழுகிறது. படம் முடிந்தது.

"அங்கயே தங்கிடுச்சு," என்றார் அண்ணி. வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜனங்கள் ஃபிளாட்டைத் தேடிப் போனார்கள். அண்ணி வீட்டு வாசலுக்கு ஒரு ஜோடி மட்டும் வந்து, "இன்னும் இங்க ஆள் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனது. மூன்றாம் பாகம் முடிவாகும்வரை பீரோ அங்கேயே நிற்கட்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மாடி அறைச் சுவரில் பீரோ நின்ற இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அண்ணி துடைக்கும் துணியோடு மேலே போய் அதன் எதிரே நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். "அது இருந்தப்போ வீடு நிறைஞ்சிருந்துச்சு. இப்போ அவ வீடு நிறைஞ்சிருக்கும்," என்றார். இந்த வயிற்றெரிச்சலைத் தணித்து வை ஆண்டவனே என்று அவருக்காக நான் வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை.

ஆனால் ஃபிளாட்டில் நடந்தது வேறு. சின்னவள் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். அவள் குழந்தைகளோடு விளையாட யாரும் வருவதில்லை. போட்டோ எடுக்க வருகிறவர்கள் ஒரு மாடி தப்பாமல் எல்லாக் கதவையும் தட்டினார்கள். வீட்டுக்காரர் வந்து, "பேய் வீடுன்னு பேராயிடுச்சு. இனிமே எவன் குடி வருவான்? காலி பண்ணிடுங்க," என்றார். வேறு வீடு பார்க்கப் போனால், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

சின்னவள் என்னிடம் வந்து அழுதாள். "அக்கா வீட்டு மாடி அறை சும்மாதானே இருக்கு. ஆனா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பேன்? சிரிப்பாங்க."

நான் போய் அண்ணியிடம் சொன்னேன். பொய் சொல்லக்கூடாது, கேட்டதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் மின்னியது. உடனே குனிந்து துணியில் சுருக்கம் நீவினார்.

"புள்ளைங்களை எங்க படுக்க வைக்கிறாளாம்?"

"உங்க வீட்டை விட்டா வேற கதி இல்ல அண்ணி."

"பீரோவும் வருமா?"

"வரும்."

"அப்போ வரச் சொல்லு."

வேன் வந்தது. முதலில் இறங்கியது சின்னவள். "அக்கா, பேயைக் கொண்டு வந்துட்டேன். கூடவே நானும் வந்துட்டேன். ரெண்டுல எது பெரிய தொல்லைன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க." சிரித்தாள், ஆனால் கண் வீங்கியிருந்தது. அண்ணி நேரே வேனுக்குப் போனார். பீரோவைத் தடவிப் பார்த்தார், கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

"என் ரூம்ல வைங்க," என்று சுமை தூக்குகிறவர்களிடம் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் தொப்பிக்காரர் போன். அண்ணன் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "மூணாவது பாகம் நம்ம வீட்டுலதானாம். இது முதல் படத்துக்கு முன்னாடி நடக்கிற கதை இல்லையா? அதனால பீரோ பழைய இடத்துலயே, மாடி ரூம்லதான் நிக்கணுமாம். இடம் மாறினா முதல் படத்தோட ஒட்டாதாம்."

மாடி அறை இனிமேல் சின்னவளின் அறை. பேய் இந்த வீட்டுப் பேயாகவே இருக்கவேண்டுமென்றால் பீரோ சின்னவளின் அறையில் நிற்க வேண்டும். அண்ணி படியில் காலை வைத்தபடி நின்றுவிட்டார்.

"எங்கம்மா வைக்கிறது? கை போகுது!" என்று கத்தினார் தூக்கியிருந்தவர்.

அண்ணி சின்னவளைப் பார்த்தார். அவள் சின்னப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையில் அந்தக் கைப்பையோடு சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"மேல கொண்டு போங்க," என்றார் அண்ணி. "சுவத்துல வெளுப்பாத் தெரியுது பாருங்க, அதே இடத்துல வைங்க." பிறகு சின்னவளிடம் திரும்பினார். "துணிமணி எல்லாம் உள்ள அடுக்கிக்கோ. கண்ணாடியை மட்டும் நீ தொடாத. தினம் காலையில நானே வந்து துடைப்பேன்."

"காலையிலயா? நான் வேலைக்குக் கிளம்பணுமே அக்கா. அப்போதானே தலை வாருவேன்?"

"நீ பாட்டுக்கு வாரு. நான் உன் பின்னாடியே நின்னுக்கிறேன்."

சின்னவள் பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றினாள்.

"அக்கா, அந்தப் படத்துல வந்த பேயும் இதைத்தானே பண்ணுச்சு!"