ஒரே மூச்சில்

நிலக்கோட்டைக்கு அருகே மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த எங்கள் வீட்டில், மாலை ஜெபமாலையை முன்னின்று சொல்பவர் என் அத்தை. அப்பாவின் தங்கையான அவர் ஊர்ப் பள்ளியின் ஆசிரியை. 'அருள் நிறைந்த மரியே' என்னும் மந்திரத்தின் முற்பாதியை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். பிற்பாதியை நானும் அவ்வாறே முடிக்கவேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் இடையே இருந்த இரகசியப் பந்தயம். அம்மா அறிந்திருந்தால் கடிந்திருப்பார். ஒன்பது வயதுவரை நான் ஒருநாளும் வென்றதில்லை.

அத்தைக்கு மூச்சிழுப்பு உண்டு. மழைக்காலம் வந்துவிட்டால் அவர் நெஞ்சுக்குள் ஒரு விசில் குடியேறும். அவர் பாயிலேயே படுத்துறங்கிய எனக்கு அதுவே தாலாட்டு. நோய் கூடியதா குறைந்ததா என்பதை எங்கள் வீட்டார் அந்தச் சத்தத்தைக் கொண்டே கணித்தனர். "இன்னைக்குச் சத்தம் அம்புட்டா இல்ல" என்று அம்மா சொன்னால், அத்தை பள்ளிக்குப் புறப்படலாம் என்று பொருள்.

ஜெபமாலை மாதமான அக்டோபரில் ஒருநாள், அந்த விசில் வாசல்வரை கேட்டது. அத்தை படுக்க மறுத்து, முழங்கால்களில் கைகளை ஊன்றி முன்சாய்ந்து அமர்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின, கழுத்துக்குழி உள்வாங்கியது. கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயை அம்மா முதுகில் தேய்த்தார். சுக்குக் காப்பி தொடப்படாமல் ஆறியது. நானோ மாதா சுரூபத்தின் முன் மண்டியிட்டு, அந்தச் சத்தம் நிற்கவேண்டும் என்று மன்றாடினேன்.

விளக்கேற்றியதும் ஜெபம் தொடங்கிற்று. அத்தை ஒரு சொல்லைச் சொன்னார், மூச்சு வாங்கினார், மறுசொல்லைச் சொன்னார். அதற்குமேல் வரவில்லை. நான் என் பாதியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அவரைப் பெருமிதத்துடன் நோக்கினேன்.

"நாந்தான் செயிச்சேன் அத்தை."

"செயிச்சுட்ட..." என்றார். நெடுநேரம் கழித்து, "தாயி" என்றார்.

அவர் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. நோட்டுத் திருத்துகையில் பேனா மூடியைக் கடிக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. மை ஒட்டியிருக்கிறது என்றெண்ணிப் பாவாடை நுனியால் துடைத்தேன். போகவில்லை.

சற்றைக்கெல்லாம் விசில் நின்றது. அத்தையின் கண்கள் செருகின.

"அடங்கிருச்சு. செத்த நேரம் தூங்கட்டும், யாரும் எழுப்பாதீங்க" என்றார் அம்மா.

மாதா என் மன்றாட்டைக் கேட்டுவிட்டார் என்று பூரித்து, நன்றியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

தோட்டத்திலிருந்து திரும்பிய அப்பாதான் தங்கையின் கையைத் தொட்டுப் பார்த்துப் பதறினார். பூ ஏற்றும் வேனிலேயே கிடத்தித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுசென்றனர். அத்தை திரும்பி வரவில்லை.

சென்ற மாதம், இழுப்புக் கண்ட என் மகள்வயிற்றுப் பெயர்த்தியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சத்தம் குறைந்துவிட்டால் அச்சமில்லைதானே என்று அங்கிருந்த இளம் மருத்துவரைக் கேட்டேன்.

"அப்படி நெனச்சுராதீங்கம்மா. ஒரு வரி முழுசாப் பேச முடியலையா, உதடு நீலமாகுதா, அப்பவே தூக்கிட்டு வந்துரணும். திடீர்னு சத்தம் நின்னு புள்ள சோந்து போச்சுன்னா அதுதான் ரொம்ப ஆபத்து. காத்தே உள்ள போகலைன்னா சத்தம் எங்கிட்டிருந்து வரும்?"

நான் தலையசைத்தேன். அறுபது ஆண்டுகளாக, மழை தொடங்கும்போதெல்லாம் என் செவிகள் தேடுவது அந்த விசிலைத்தான். அது ஓயவேண்டும் என்று வேண்டியவள் நான். அத்தையை வேனில் ஏற்றிய வேளையிலும், நான் ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி சுரூபத்தின் முன் எரிந்துகொண்டிருந்தது.