கண்ணில் படவைக்கிறவள்

என் மனைவி ரோஸெனி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்தும் எனக்கு ஒரே மூச்சில் சொல்ல வராது. நான் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறேன். ஆளை ஏற்றுகிறேன், இறக்குகிறேன், காசு வாங்குகிறேன். விளங்குகிற வேலை. அவளோ வீட்டு ஜன்னலோரம் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு குழாய் ரிப்பேர்க்காரரையும் ஒரு பல் டாக்டரையும் இணையத்தில் மேலே தூக்கி நிறுத்துகிறாள். அந்த ஊரில் யாருக்காவது குழாய் உடைந்து, அவர் போனில் தேடினால், முதலில் இவளுடைய ஆளின் பெயர்தான் வரவேண்டும். "கண்ணுல படவைக்கறதுதான் என் வேலை, வில்மார். அவ்வளவுதான்" என்பாள். இதுவரை எங்கள் நெக்ரோஸ் தீவை விட்டு அவள் வெளியே போனதில்லை. ஆனால் அந்த ஊரில் எந்தத் தெருக் குழாய்கள் பழசு, எந்த மாதம் பிள்ளைகளுக்குப் பல்லில் கம்பி கட்ட வருவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கரும்பு வெட்டுகிறவரின் ஐந்தாவது மகள். பாக்கலோட் நகரத்துக் கால் சென்டரில் நான்கு வருடம், முகம் தெரியாதவர்களிடம் திட்டு வாங்குவதையே வேலையாகச் செய்திருக்கிறாள். அதனால் பொறுமை அவளுக்குப் பழகிப்போனது. நான் நேர் எதிர். முன்னால் போகிற வண்டி கொஞ்சம் தயங்கினால் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டேன். முதல் தடவை என் வண்டியில் ஏறியபோது இறங்குமுன் சொன்னாள்: "நோங், வண்டியோட பேரைப் பின்னாடி எழுதியிருக்கீங்க. ஏறணும்னு நிக்கறவங்க முன்னாடியிலேர்ந்துதானே பாப்பாங்க?" அண்ணன் என்றுதான் அப்போது கூப்பிட்டாள். அன்று சாயங்காலமே முன்னால் எழுதினேன். மறு வருடம் கல்யாணம்.

இப்போது சொல்லப்போவது என் அக்கா ஃபெலிசாவின் கடையைப் பற்றியது. ஊரே அவளை மனாங், அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். வெல்லப் பூரணம் வைத்துத் தட்டிக் கல்லில் சுடுகிற பியாயா அவள் கைப்பக்குவம். இருபது வருடமாக பாக்கலோட் போகும் பஸ்கள் அவள் கடை வாசலில்தான் நிற்கும். போன வருடம் ஊருக்கு வெளியே புதிய சாலை போட்டார்கள். பஸ்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. அக்காவின் அடுக்குத் தட்டுகளில் பியாயா காய்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "ஹாங்காங் ஏஜென்சியில பேர் குடுத்துட்டேன். வீட்டு வேலை. ரெண்டு வருஷ ஒப்பந்தம்."

அவள் கணவர் நோங் கிரினோ கருவாட்டின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே பேசமாட்டார். மாவு பிசைவார், அடுப்பைப் பார்ப்பார், கேட்டால் தலையாட்டுவார். அன்று தலையையும் ஆட்டவில்லை.

"எப்போ மனாங் போகணும்?" என்றாள் ரோஸெனி.

"நாலு மாசம். கடைசி வாரம் ஒரு போன் பண்ணுவாங்க. சரின்னு சொன்னா டிக்கெட்."

"அந்த நாலு மாசத்தை எனக்குக் குடுங்க."

"நீ என்ன பண்ணுவ இண்டாய்? பஸ்ஸைத் திருப்பி விடுவியா?" தங்கச்சி என்பதற்கு எங்கள் ஊர் வார்த்தை இண்டாய்.

"பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கவங்களைத் திருப்பறேன்" என்றாள் என் மனைவி. எனக்கு அப்போதே அவளைத் தூக்கிச் சுற்றவேண்டும் போலிருந்தது. அக்கா வீட்டில் மரியாதையாக உட்கார்ந்திருந்தேன்.

வேலையை ஆரம்பித்தாள். கடையை இணைய வரைபடத்தில் ஏற்றினாள். பெயர், போன் நம்பர், திறக்கும் நேரம் எல்லாம் எங்கே எழுதினாலும் ஓர் எழுத்து மாறாமல் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று பாடாய்ப் படுத்தினாள். கல்லில் பியாயா உப்பும் நொடியைப் படமெடுக்க மூன்று நாள் காலையில் காத்திருந்தாள். என் வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் கேட்கச் சொன்னாள்: பாக்கலோட்டிலிருந்து உறவுக்காரருக்குத் தின்பண்டம் வாங்கிப் போகவேண்டும் என்றால் போனில் என்ன வார்த்தை போட்டுத் தேடுவீர்கள்? ஒருவர்கூட என் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. "இனிப்பு கம்மியா இருக்கற பியாயா" என்றார்கள். "கப்பல்ல ஒரு மாசம் தாங்கற பியாயா" என்றார்கள். அந்த வார்த்தைகளையே வைத்து அவள் கடைக்கு ஓர் இணையப் பக்கம் எழுதினாள்.

ஒன்றரை மாதம் போனது. தேடினால் கடை பதினேழாவது இடத்தில் வந்தது. கடையைப் பாராட்டி எழுதியவர்கள் மூன்றே பேர்.

"எப்போ மேல வரும்?" என்று தினமும் கேட்டேன்.

"வரும். தேடித் தர்ற அந்த மெஷினுக்கு அவசரக்காரங்களைப் பிடிக்காது."

"அப்போ என்னைப் பிடிக்காதுன்னு சொல்லு."

"எனக்குப் பிடிச்சிருக்கே, போதாதா?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

போதவில்லை. அக்கா போய்விடுவாள் என்கிற பயம் எனக்கு. அந்தப் பயத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பூசை முடிந்ததும் பாதிரியாரிடம் போய், பேட்டையில் இருக்கும் எல்லோரையும் கோயில் கூடத்துக்கு வரச்சொல்லி அறிவிக்கக் கேட்டேன். அங்கே வைஃபை இலவசம். எங்கள் ஊரில் ஒரு வீட்டைத் தூக்கி இடம் மாற்றவேண்டும் என்றாலும் ஐம்பது தோள் வந்து நிற்கும். ஃபெலிசாவுக்காக என்றதும் நூற்று நாற்பது பேர் வந்துவிட்டார்கள். எல்லோர் கையிலும் போன். என்ன எழுதுவது என்று பலருக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் மறைக்கல்வி டீச்சர் கரும்பலகையில் அழகாக எழுதிப்போட்டார்: "மிகவும் சுவையான பியாயா. அன்பான சேவை. மீண்டும் வருவேன்." எல்லோரும் பார்த்து அப்படியே எழுதினார்கள். ஐந்து நட்சத்திரம். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ஆளுக்கொரு எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுக் கைதட்டினோம்.

நான் வீட்டுக்குப் பறந்தேன். ரோஸெனி திரையைப் பார்த்தாள். பிறகு கணினியை மெதுவாக மூடினாள்.

"வில்மார், உக்காரு."

உட்கார்ந்தேன்.

"ஒரே கூரை. ஒரே மணி. ஒரே வாக்கியம். நூத்தி நாப்பது தடவை. இதை ஒரு ஊரோட பாசம்னு அந்த மெஷின் நினைக்காது. ஒரு திருடன் நூத்தி நாப்பது முகமூடி போட்டுட்டு வந்திருக்கான்னுதான் நினைக்கும்."

செவ்வாய்க்கிழமை கடை வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. அந்தப் பதினேழாவது இடமும் போச்சு. தேடினால் எங்கள் தெரு இருக்கிறது, கோயில் இருக்கிறது, கோழித்தீவனக் கடைகூட இருக்கிறது. அக்காவின் கடை இருந்த இடத்தில் வெறும் பச்சை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "விடுடா. ஹாங்காங்ல குளிராம், ஸ்வெட்டர் வாங்கணும்" என்றாள். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

ரோஸெனியும் திட்டவில்லை. ஆனால் வேலை வாங்கினாள். முதலில், எழுதிய நூற்று நாற்பது பேர் வீட்டுக்கும் நான் வண்டியில் போய், எழுதியதை அழிக்கச் சொல்லவேண்டும். போனேன். ஒவ்வொரு வீட்டிலும் "நல்லாத்தானே எழுதினோம்?" என்று கேட்டார்கள். நூற்று நாற்பது முறை அசடு வழிந்தேன்.

அடுத்து, கடை உண்மையாகவே இருக்கிறது என்று நிரூபிக்க ஒரு வீடியோ அனுப்பவேண்டும். தெருமுனையிலிருந்து நடந்து, பெயர்ப்பலகையைக் காட்டி, உள்ளே போய், அடுப்பைக் காட்டவேண்டும். நடுவில் வெட்டக்கூடாது. நான் போனைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பினால், விஷயம் எப்படியோ கசிந்து, பேட்டை முழுவதும் கோயில் உடுப்பில் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிறது. பாண்டு வாத்தியக்காரர்கள் இருவர் வேறு. மறைக்கல்வி டீச்சர் கையில் பூ.

"நிறுத்து வில்மார்" என்று பின்னாலிருந்து ரோஸெனி சொன்னாள். அப்புறம் அவளால் முடியவில்லை. நடுத்தெருவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். "இதை அனுப்பினா கடைன்னு நினைக்க மாட்டாங்க, சினிமா ஷூட்டிங்னு நினைப்பாங்க. எல்லாரும் தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க. போய்த் துணி துவைங்க, சண்டை போடுங்க, என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க."

மறுநாள் காலை எடுத்தோம். ஒரு வீட்டில் துணி காய்கிறது. ஒரு வீட்டில் உண்மையாகவே சண்டை. கடைக்குள் நோங் கிரினோ முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைகிறார். அக்கா, "தள்ளிக்கோடா, கல்லு சூடு" என்கிறாள். அனுப்பினோம். ஒன்பது நாளில் கடை வரைபடத்துக்குத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ரோஸெனி ஊர்க்காரர்களிடம் ஒன்றுதான் சொன்னாள். "வாங்கிச் சாப்பிட்ட அன்னிக்கு, உங்க வீட்ல இருந்து, மனசுல பட்டதை எழுதுங்க. பொய் வேணாம். நம்ம குடும்பத்துல யாரும் எழுதவே கூடாது. அது முறை இல்ல."

மனசில் பட்டதை எழுதினார்கள். "பூரணம் நாக்கைச் சுட்டுவிட்டது, ஆறவிட்டுத் தின்னவும், நாலு." "சில்லறை கேட்டால் முறைக்கிறார், ஆனால் ஒன்று கூடுதலாகப் போட்டார், ஐந்து." கப்பலில் வேலை செய்யும் ஒருவன் துறைமுகத்திலிருந்து எழுதினான்: "முப்பத்திரண்டு நாள் பெட்டியில் இருந்தது. கெடவில்லை. கேப்டன் பாதியைத் தின்றுவிட்டார்."

"நான் எப்படா முறைச்சேன்?" என்று அக்கா என்னை முறைத்தாள்.

கடை மேலே ஏறியது. பதினொன்று, ஆறு, மூன்று. மூன்றாவது மாதக் கடைசியில் புதிய சாலையிலிருந்து கார்கள் உள்ளே திரும்ப ஆரம்பித்தன. கப்பல்காரர்கள் பெட்டி பெட்டியாகக் கேட்டார்கள். அக்கா உதவிக்கு இரண்டு பெண்களைச் சேர்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஸ்வெட்டர் வாங்கியாகிவிட்டது. ஏஜென்சிக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

"கூட்டம் இன்னிக்கு வரும், நாளைக்கு நின்னுடும்" என்றாள். "அந்த பஸ் மாதிரி. ஹாங்காங் சம்பளம் மாசாமாசம் வரும்."

"கடையை முன்னாடி கொண்டுவர எனக்குத் தெரியும். மனாங் மனசை எப்படிக் கொண்டுவரதுன்னு தெரியல" என்று ரோஸெனி என்னிடம் சொன்னாள். அவ்வளவு சோர்ந்து அவளை நான் பார்த்ததில்லை.

ஏஜென்சி போன் வெள்ளிக்கிழமை வரும் என்றிருந்தது. வியாழக்கிழமை மதியம் ஒரு வேன் வந்து நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இங்கதான் ஒருத்தர் நாலு நட்சத்திரம் மட்டும் குடுத்தாராமே, அந்தக் கடைதானே?"

"எந்த நாலு?" என்றாள் அக்கா. அவளுக்கு இப்போதெல்லாம் நட்சத்திரம் என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த அம்மாள் உரக்கப் படித்தார். "இருபது வருஷமாகத் தினமும் காலையில் முதல் பியாயாவை நான்தான் தின்கிறேன். இன்னும் சலிக்கவில்லை. இதைச் சுடுகிற ஆள் வெளிநாடு போனால் எனக்குக் காலையில் எழுந்திருக்கவே வேலை இல்லை. அதை நேரில் சொல்லத் தெரியவில்லை. ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன், போகிறேன் என்று சொன்னதற்காக."

நான் ரோஸெனியைப் பார்த்தேன். குடும்பத்தில் யாரும் எழுதக்கூடாது என்று சொன்னவள், மேலே கூரையில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

அக்கா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். நோங் கிரினோ மாவுப் பலகைக்கு முன்னால் குனிந்திருந்தார். காது சிவந்திருந்தது.

"நாலா எனக்கு?" என்றாள். "இருபது வருஷம் சுட்டுப் போட்டதுக்கு நாலா? மாத்துங்க அதை."

நோங் கிரினோ மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் இவ்வளவு பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"முதல்ல நீ அந்த ஏஜென்சிக்குப் போன் பண்ணு. அப்புறம் மாத்தறேன்."

வெள்ளிக்கிழமை வரை அக்கா காத்திருக்கவில்லை. வாசலில் எட்டுப் பேர் பியாயாவுக்கு நிற்கும்போது, பின்கட்டில் நின்றுகொண்டு, ஏஜென்சிக்காரியிடம் தன் பெயரை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிச் சொல்லி, அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொன்னாள்.