விளையாட்டு முடிந்த பிறகு அம்மா கேட்டது

ஐந்தாம் வகுப்பில் நான் எழுதிய நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. பள்ளி திறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே, "பஸ் விளையாட்டு. மாமா தோற்றார்" என்று மட்டும் இருக்கிறது. கரண்ட் போன நேரம், எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்ட கிழமை என எதையும் விடாமல் குறித்தவள், அன்று விளையாட்டுக்குப் பின் நடந்ததைக் குறிக்காமல் விட்டிருக்கிறேன். அதை இப்போது எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பாக்கிங் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை சேர வேண்டும். அதற்கு ஒரே இடைஞ்சல் நான். ஆவடியில் இருந்த என் பள்ளிக்கு அதுவரை அம்மாதான் வந்து, வெள்ளானூரில் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போவாள். இனி நான் தனியாகப் பஸ் ஏறி வர வேண்டும். என்னால் முடியுமா என்று பார்க்கத்தான் அந்த விளையாட்டு.

சமையலறை வாசல் பஸ் நிறுத்தம் ஆயிற்று. கூடத்து நாற்காலிகள் பஸ். நான் நிறுத்தத்தில் நிற்க, அம்மாவின் தம்பி யாரோ தெரியாத ஆள்போல ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஒரு முக்காலியை பைக்காக உறுமவிட்டபடி வந்தார்.

"பாப்பா, உங்கம்மாக்கு ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரில கீறாங்க. வண்டில ஏறு, இட்டுகினு போறேன்."

"வரமாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டேன். அடுத்து அப்பா விசில் ஊதியபடி பஸ்ஸோடு வந்தார். நாள்காட்டியில் கிழித்த தாளை டிக்கெட்டாக நீட்டினார். அது போன செவ்வாய்க்கிழமைத் தாள். தேதி தப்பு என்றேன். "ஏறும்மா, செக்கிங்லாம் வரமாட்டான்" என்றார். ஏறி, வெள்ளானூரில், அதாவது பீரோ பக்கத்தில், சரியாக இறங்கினேன்.

அப்பா கைதட்டினார். மாமா ஹெல்மெட்டைக் கழற்றி, "அக்கா, நீ தெகிரியமா வேலைக்குப் போ. உம்பொண்ணு போலீஸ்காரனயே திருப்பி அனுப்பிடுவா" என்றார்.

அம்மா நாற்காலிகளை எடுக்க விடவில்லை. எல்லோரையும் அதிலேயே உட்காரச் சொன்னாள்.

"ஏன்டி வரமாட்டேன்னு சொன்ன?"

"மாமான்னு தெரியும்."

"ஹெல்மெட் போட்டிருந்தானே?"

"கால் கட்டவிரல் நகம் கறுப்பா இருந்துச்சு."

லேத் பட்டறையில் இரும்புத்துண்டு விழுந்து கறுத்த நகம் அது. மாமா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சரி. மாமாவா இல்லாம வேற யாராச்சும்னா?"

நான் தரையைப் பார்த்தேன். தனியாகப் பஸ்ஸில் போகும் பெருமை கைநழுவுவது தெரிந்தது. ஆனாலும் பொய் வரவில்லை.

"ஏறியிருப்பேன். உனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாங்களே."

"சின்னப் பொண்ணு, விடு. அப்படி எவன் வரப்போறான்?" என்றார் அப்பா. அம்மா மாமாவிடம் திரும்பினாள்.

"நீ ஏன்டா அதச் சொன்ன?"

"வேற இன்னா சொன்னாலும் வரமாட்டாக்கா. உன் பேரச் சொன்னா வந்துடும்னு தோணுச்சு."

அம்மா தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம், "இதோ பாரு. எனக்கு இன்னா ஆனாலும் கடைசில ஊட்டுக்குத்தான் வருவேன். யாரு இன்னா சொன்னாலும் நீயும் நேரா ஊட்டுக்கு வா. வந்து அப்புறம் அழு" என்றாள்.

மாமாவை ஹெல்மெட் இல்லாமல், மாமாவாகவே வந்து கூப்பிடச் சொன்னாள். அப்போதும் மறுத்தேன். "என்னையே நம்ப மாட்டியா?" என்று அவர் நிஜமாகவே முகம் வாடினார். விளையாடியதில் நான் ஒரு நகத்தை அடையாளம் கண்டதுதான் மிச்சம். மற்றதெல்லாம் அந்த அரைமணி நேரப் பேச்சில் வந்தது.

அம்மா திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டு இரண்டு நாள் அவகாசம் கேட்டாள். அந்த இரண்டு நாளும் ஆவடி நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று, நான் ஏறுவதைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்தாள். புதன்கிழமை சேர்ந்தாள்.

பரீட்சை எனக்கு மட்டும்தான் என்று அன்று நினைத்தேன். நான் பிறந்தபோது விட்ட வேலைக்குப் பிறகு அம்மாவுக்குக் கிடைத்த முதல் வேலை அது. அந்தக் கைதட்டலோடு எழுந்திருந்தால் மறுநாளே நிம்மதியாகப் போயிருக்கலாம். என் பதில் அந்த வேலையைப் பறித்துவிடலாம் என்று தெரிந்தே கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். நானோ, ஜெயித்த பிறகும் எதற்கு இத்தனை கேள்வி என்று அன்று இரவு முழுக்க அவளோடு பேசவில்லை.