ஆடிச் சீர் கொண்டுவந்த கம்பெனி

பள்ளிப்பட்டிலிருந்து கே.ஜி.கண்டிகைக்கு வாழ வந்தவர் கெங்கம்மாள். திருத்தணியில் சரவணப் பொய்கைப் படிக்கட்டைப் பதினோரு வருஷமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவர் பெருக்கிய படியில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று ஊரே சொல்லும். அதைக் கேட்டால் அவருக்குப் பெருமை தாங்காது.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஆடிக் கிருத்திகைக்கு ஒரு ஷாம்பு கம்பெனியின் வேன் வந்து நின்றது. 'பக்தர்களுக்கு எங்கள் தாய்வீட்டு ஆடிச் சீர்!' என்று ஒலிபெருக்கி அலற, பாக்கெட்டுகளை வாரி வாரிக் கொடுத்தார்கள். மொட்டைத் தலைக்கு எதற்கு ஷாம்பு என்று ஒருத்தராவது யோசிக்க வேண்டுமே! ஓசி என்றால் நமக்குத் தலையில் முடி இருக்கிறதா என்பதே மறந்துபோகிறது.

மறுநாள் கால்வாய் அடைத்துக்கொண்டு படியெல்லாம் அழுக்குத் தண்ணீர். மேஸ்திரி பக்தவச்சலம் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"ஒழுங்கா பெருக்கினா ஏன் அடைக்குது? இன்னொரு தபா அடைச்சா வேற ஆள் வெச்சுக்குவேன்!"

வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, ஒழுங்காகப் பெருக்கவில்லை என்ற பேச்சுதான் கெங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கால்வாயில் கைவிட்டு அள்ளினார். வந்ததெல்லாம் காலியான பச்சை நிற ஷாம்பு பாக்கெட். அள்ளியதைக் கழுவிக் காயவைத்தார். மூன்று மூட்டை சேர்ந்தது.

அந்த 'ஆடிச் சீர்' அவர் மனதைவிட்டுப் போகவில்லை. கல்யாணமான வருஷம் அவருடைய நைனா ஆடிச் சீர் கொண்டுவந்தபோது, மாமியார் அந்தத் தட்டை வெறுமனே திருப்பித் தரவில்லை. அது முறை.

அடுத்த மாதம் அந்தக் கம்பெனி, ஊர்க் கடைக்காரர்களுக்கு லாட்ஜ் மாடியில் விருந்து வைத்தது. கெங்கம்மாள் நேரே உள்ளே போனார். கையில் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம்; அதில் வெற்றிலை பாக்கு, குங்குமம், நடுவே பாக்கெட் குவியல். பின்னால் ரிக்‌ஷாக்காரர் மூட்டைகளை இறக்கினார்.

கம்பெனி ஆபீசர் சேஷகிரி திகைத்துப்போனார். "என்னம்மா இது?"

"ஆடிச் சீர் செஞ்சீங்க இல்லீங்க? சீர் செஞ்சவங்கள எங்க ஊட்ல வெறுங்கையோட அனுப்ப மாட்டோங்க. எல்லாத்துலயும் உங்க பேருதான் போட்டுக்கீது."

கடைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சேஷகிரி அசடு வழிந்தார். "உங்களுக்கு ஒரு பெட்டி ஷாம்பு தரச் சொல்றேன்மா."

"வேணாங்க, அதையும் நான்தானே பெருக்கணும்? குடுக்க ஆள் அனுப்பினீங்க, பொறுக்கவும் அனுப்புங்க. தாய்வீடுன்னா ரெண்டுத்துக்கும் வரணுமில்ல?"

குங்குமம் வைத்த தட்டை யார்தான் மறுக்க முடியும்? சேஷகிரி எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கும் வேன் வந்தது. கூடவே கம்பெனிச் சட்டை போட்ட ஆறு பேர் கூடைகளோடு இறங்கி, நேரே மேஸ்திரியிடம் வந்தார்கள்.

"கெங்கம்மா யாருங்க? அவங்க சொல்றபடி வேலை செய்யச் சொல்லி அனுப்பினாங்க."

பக்தவச்சலம் கெங்கம்மாள் பக்கம் கையைக் காட்டினார். அவர்களில் ஒருவர் அந்தப் பித்தளைத் தாம்பாளத்தைக் கெங்கம்மாளிடம் நீட்டினார். பழம், பூ, ரவிக்கைத் துணி; ஒரு பாக்கெட்கூட இல்லை. கெங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தட்டை மேஸ்திரி கையில் கொடுத்தார்.

"இத்த கொஞ்சம் புடிச்சிகினு இருங்க மேஸ்திரி. இவங்களுக்குக் கால்வாயக் காட்டிட்டு வரேன்."

அந்த வருஷம் கால்வாய் அடைக்கவில்லை. அன்று கெங்கம்மாள் திரும்பி வரும்வரை பக்தவச்சலம் தட்டோடு அங்கேயே நின்றார்.